மூன்றாவது எண்

மண்டபம் வடக்குக் கரை, ஐஸ் கம்பெனி.
சுவருக்கு அந்தப் பக்கம்
மைனஸ் எட்டில் இறுகிக்கொண்டிருக்கின்றன ஐஸ் பார்கள்.
இந்தப் பக்கம், என் மேசைக்கடியில்
எழுபத்தெட்டு.

திரை மூலையில் மூன்று எண்கள்.
யாரும் பெயர் வைக்கவில்லை:
வெப்பம் ஒன்று, வெப்பம் இரண்டு, வெப்பம் மூன்று.
முதலாவது ப்ராசசர். பில் அடித்தால் ஏறும்,
கை எடுத்தால் இறங்கும், நண்டு விலை மாதிரி.
இரண்டாவது எப்போதும் நூற்றிருபத்தேழு.
அது நிஜமென்றால் மேசை கருகியிருக்கும்.
"அந்த சென்சார் எங்கயும் சேரலம்மா, பொய் சொல்லுது"
என்றார் பரமக்குடியில் இதை விற்றவர்.
மூன்றாவது எதன் சூடு? அவருக்கும் தெரியவில்லை.

மூடியைக் கழற்றி
காலண்டர் அட்டையால் இடம் இடமாக விசிறினேன்.
ஹார்ட் டிஸ்க். எண் அசையவில்லை.
ரேம். அசையவில்லை.
கிராபிக்ஸ் கார்டின் நிழலில்
தீப்பெட்டி அகலத்தில் ஓர் அலுமினியச் சீப்பு.
அங்கே விசிற, எழுபத்தெட்டு எழுபத்தாறானது.
விரல் வைத்தேன்.
உடனே எடுத்தேன்.

சிப்செட்.
தனக்கென்று விசிறி இல்லாதது.
நான் தட்டுவதும் பிரிண்டர் துப்புவதும்
டிஸ்கில் போய் விழுவதும் இதன் வழியே.
காற்று எல்லாம் ப்ராசசருக்கு,
பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டிய விசிறியோடு.

பங்குனியிலிருந்து டோக்கன் புத்தகப் பின்னட்டையில்
தேதி, மணி, எண் எழுதுகிறேன்.
"காத்தையும் எழுது ஜெனோவா" என்றார்
லோடு ஏற்றும் சந்தியாகப்பிச்சை.
எழுதினேன்.
கொண்டல், 70.
சோழகம், 74.
கச்சான், 79.
காற்று விழுந்த ராத்திரி, 83.
வாடை கலம் காலியாகக் கிடக்கிறது.

தடைக்காலம் அறுபத்தொரு நாளும்
காலையில் ஒரு தரம் போட்டுப் பார்ப்பேன்.
ஐம்பத்திரண்டு.
குளிர்ந்த எண்தான்.
ஆனால் பில் இல்லை, சம்பளமும் பாதி.

தடை முடிந்து முதல் நடை.
ராத்திரி இரண்டே முக்கால்,
வாசல் வரை தள்ளுவண்டிகள்,
நூர்தீன் படகுக்கு நாற்பது பார், பாதி பில்.
தொண்ணூற்றொன்று.
நீளமாக ஒரு பீப்.
திரை அப்படியே நின்றது, நாலுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில்.

சொட்டச் சொட்ட ஒரு துண்டு ஐஸோடு வந்தார்.
"உள்ள வெச்சிருவமா தங்கச்சி?"
வேண்டாம்ணே, குளிர்ந்தா வேர்க்கும்,
வேர்த்தா ஏற்கனவே படிஞ்ச உப்பு கரையும், அப்புறம் கரண்டு...
முடிக்க விடவில்லை.
உப்பு என்ன செய்யும் என்று
அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.
துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.
விடியும்வரை கார்பன் வைத்துக் கையால் எழுதினேன்,
நூற்றுப் பதினேழு பில்.

வெளிச்சத்தில் பார்த்தால்
சீப்பைப் பிடித்திருந்த இரண்டு பின்னில் ஒன்று உடைந்து
ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
அடியில் பேஸ்ட், காய்ந்த சுண்ணாம்பு.
சுரண்டித் துடைத்து
கடுகளவு புதுசு வைத்தேன்.
பின்?
மடியிலிருந்து தங்கூசி எடுத்தார்.
ஓட்டையில் கோத்து, இழுத்து, ஒரு முடிச்சு,
பல்லால் கடித்து அறுக்கப் போனவரைத் தடுத்துக்
கத்தரி கொடுத்தேன்.

அறுபத்தொன்று.
அவர் எண்ணைப் பார்க்கவில்லை.
வண்டி வந்துவிட்டது.

தங்கூசி சூட்டில் நெகிழும். தெரியும்.
மதுரைக்குச் சொல்லியிருக்கிறேன்.
ஐந்து ரூபாய் பின்னுக்கு
எண்பது ரூபாய் கூரியர் என்கிறார்கள்,
முதலாளி யோசிக்கிறார்.

இன்று புதன். கச்சான். அறுபத்தாறு.
இரண்டாவது, நூற்றிருபத்தேழு.
அதையும் எழுதி வைக்கிறேன்,
என்றைக்காவது மாறினால்
எதைத் தொட்டது என்று தெரியவேண்டும்.